முகமூடியும் நகையும்

பி.எஸ்ஸி. (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

நகை என்னும் மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களைக் காட்டுகிறார். பிறரை எள்ளுவதால் பிறக்கும் சிரிப்பு ஒன்று. இளமையால் பிறப்பது மற்றொன்று. பேதைமையால் பிறப்பதும் மடத்தால் பிறப்பதும் ஏனைய இரண்டு. முதலாண்டுத் தமிழ் வகுப்பில் இதைப் படித்தபோது, தேர்வில் வரக்கூடிய சிறுவினா என்ற அளவில்தான் அது என் மனத்தில் நின்றது. அண்மையில் ஓர் ஆங்கில நாவலைப் படித்து முடித்தபோதுதான், முதலாவதற்கும் மற்ற மூன்றிற்கும் இடையே எவ்வளவு தொலைவு உண்டு என்பது விளங்கியது. அந்த நாவலைப் பற்றியதே இக்கட்டுரை.

நூலின் பெயர் 'தி எக்ஸ்ட்ராஆர்டினரீஸ்'. 'அசாதாரணர்கள்' என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் டி.ஜே. குளூன் என்னும் அமெரிக்கர். 2020ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தது. பதின்வயதினருக்கென எழுதப்பட்ட நூல். முகமூடி, தீப்பிழம்பு, நிழலை ஏவும் வீரன், நகரைக் காக்கும் சண்டை எல்லாம் இதில் உண்டு. ஆனால் கதைத்தலைவனுக்கு எந்த ஆற்றலும் இல்லை. ஆற்றல் படைத்த ஒருவன்மீது காதல் கொண்டு தவிக்கிறான், அவ்வளவே. காதலிப்பவனும் ஆண், காதலிக்கப்படுபவனும் ஆண்.

நான் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்றவன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறியவன் நான் ஒருவனே. ஆங்கிலத் துறை விரிவுரையாளர் ஒருவரிடம், ஆங்கிலம் பழக ஒரு நூல் சொல்லுங்கள் ஐயா என்று கேட்டேன். "இலக்கணம் பழகப் பாடநூல் போதும். ஆங்கிலத்தில் சிரித்துப் பழக வேண்டுமானால் இதைப் படி" என்று தம் சொந்தப் பிரதியையே கொடுத்தார். ஏறத்தாழ 400 பக்கங்கள். எனக்கு நாற்பது நாள் ஆயிற்று. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பேச்சு அகராதிக்குள் அடங்குவதில்லை என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டேன். நான் முழுதாகப் படித்து முடித்த முதல் ஆங்கில நாவல் இது.

எழுத உட்கார்ந்ததுமே ஒரு சிக்கல் வந்தது. ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்புவதை எந்தச் சொல்லால் குறிப்பது? நான் சிறுவயதில் கேட்ட சொற்கள் யாவும் வசைச்சொற்கள். அவற்றில் ஒன்றைக்கூட ஆண்டு மலரில் அச்சிட இயலாது. நல்லவேளையாக இப்போது அந்தக் குறை இல்லை. 2018 செப்டம்பர் 6ஆம் நாள், வயதுவந்தோர் இருவர் விரும்பிக் கூடும் தன்பால் உறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர், சென்னை உயர் நீதிமன்றம் மேற்கொண்ட முயற்சியை ஒட்டி, இத்தகையோரை மரியாதையாகக் குறிப்பதற்கான சொற்பட்டியல் ஒன்றை 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது. 'தன்பாலீர்ப்பு' என்னும் சொல்லையே நான் ஆள்கிறேன்.

இனி கதைக்கு வருவோம். நோவா சிட்டி என்பது கற்பனை நகரம். அங்கே நிக் பெல் என்னும் பதினாறு வயதுப் பையன். தாய் இறந்துவிட்டாள். தந்தை ஆரன் காவல்துறையில் பணிபுரிபவர். நிக்கின் மனம் ஓரிடத்தில் நில்லாது. கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் சேர்ந்த நிலை என்று மருத்துவர்கள் சொல்வார்களே, அது அவனுக்கு உண்டு. ஒரு வாக்கியத்தைத் தொடங்கி வேறொரு வாக்கியத்தில் முடிப்பான். நகரைக் காக்கும் முகமூடி வீரன் ஷேடோ ஸ்டார்மீது அவனுக்கு அளவற்ற மோகம். நெருப்பை ஏவும் பைரோ ஸ்டார்ம் என்பவன் அந்த வீரனுக்குப் பகைவன். ஆகவே நிக்குக்கும் பகைவன்.

நிக் செய்யும் முதல் வேலை கதை எழுதுவது. ஷேடோ ஸ்டாரைத் தலைவனாக்கி, அவன் காதலிக்கும் பையனாக 'நேட் பெலன்' என்றொரு பாத்திரத்தைப் படைத்து, தொடர்கதையாக எழுதி இணையத்தில் வெளியிடுகிறான். நிக் பெல், நேட் பெலன்: பெயரை இவ்வளவு மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது அவன் நம்பிக்கை. நாவலே இந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. மிகையான வருணனை, பெருமூச்சு, கண்ணீர். இதென்ன இவ்வளவு மோசமான நடை என்று நான் அலுத்துக்கொண்டு, இது ஆசிரியரின் நடையன்று, பதினாறு வயதுக் காதலனின் நடை என்று தெரிந்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

ஒருநாள் வழிப்பறிக்காரர்களிடம் சிக்கிய நிக்கை ஷேடோ ஸ்டார் காப்பாற்றுகிறான். அவ்வளவுதான். அவன் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டுமானால் தானும் ஓர் அசாதாரணன் ஆகிவிட வேண்டும் என்று நிக் முடிவுகட்டுகிறான். கதிரியக்கம் ஏறிய சிலந்தியிடம் கடிபடலாமா என்பதும் அவன் யோசனைகளில் ஒன்று. இது 1962ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்பைடர்மேன் கதையின் எதிரொலி. இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆல்ஃபா துகள் வெளியிலிருந்து பட்டால் தோலின் மேற்புற இறந்த அணுக்களையே தாண்டாது. ஆனால் அதை உமிழும் பொருள் கடிவாய் வழியே உடலுக்குள் புகுந்துவிட்டால் அதைவிடக் கேடானது வேறில்லை. கடிபட்டவன் சுவரில் ஏறமாட்டான், மருத்துவமனைக் கட்டிலில்தான் ஏறுவான். நிக்கிற்கு இதை எடுத்துச் சொல்ல அவன் வகுப்பில் ஓர் இயற்பியல் மாணவன் இல்லாமற் போனான்.

சொல்ல ஒரு தோழன் இருக்கிறான். பெயர் சேத் கிரே. சற்றுப் பருத்த உடல், கழுத்தில் எப்போதும் ஒரு வில்முடிச்சு, அமைதியான பேச்சு. நிக் எந்த மூடத்தனத்தில் இறங்கினாலும் கூடவே வருவான். ஆனால் முக்கியமான நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லிக் காணாமற் போய்விடுவான். பிறகு களைத்துப்போய்த் திரும்புவான். அவன் காணாமற் போகும்போதெல்லாம் நகரில் எங்கோ பைரோ ஸ்டார்ம் தோன்றுகிறான். நூலில் கால்பங்கு கடப்பதற்குள் வாசகர்க்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. நிக்குக்கு மட்டும் விளங்குவதில்லை. கதை முடிவைச் சொல்லிவிட்டேனே என்று யாரும் சினம்கொள்ள வேண்டா. இந்நூலில் மர்மம் என்பது நாம் அறியாத ஒன்றன்று. நாம் அறிந்தது அவனுக்கு எப்போது தெரியப்போகிறது என்பதே மர்மம்.

மடம் என்னும் சொல்லுக்குப் பழைய உரையாசிரியர்கள் தரும் விளக்கம் ஒன்று உண்டு. பிறர் உணர்த்தியதை ஏற்றுக்கொண்டு, ஏற்றதைப் பின் எதற்காகவும் விடாதிருத்தல் என்பர். நிக்கை இதைவிடச் சரியாக வருணிக்க முடியாது. ஷேடோ ஸ்டார் நல்லவன் என்று நகரம் சொன்னது. நிக் பிடித்துக்கொண்டான். கண்முன் நிற்கும் சான்று எதுவும் அவன் பிடியைத் தளர்த்துவதில்லை. கடைசியில் ஷேடோ ஸ்டாரின் முகமூடி விலகும்போது அங்கே இருப்பவன், முன்பு நிக்கோடு சிலநாள் காதல் பழகிய ஓவன் என்னும் செல்வர் வீட்டுப் பிள்ளை. அவன் காவலனும் அல்லன். காத்து நின்றவன், வில்முடிச்சு அணிந்த சேத்.

இவ்வளவும் சிரிப்புக் கதைதானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இதைச் சிரிப்புக் கதையாக எழுத முடிந்திருக்கிறது என்பதே ஆராயத்தக்கது. அதற்குச் சற்றுப் பின்னே போக வேண்டும்.

அமெரிக்கச் சித்திரக்கதை வீரர்கள்மீது 1954ஆம் ஆண்டு ஒரு பெரும் வழக்கு எழுந்தது. பிரெட்ரிக் வெர்தாம் என்னும் மனநல மருத்துவர், சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று ஒரு நூல் எழுதினார். பேட்மேனும் ராபினும் ஒரே மாளிகையில் வாழ்வது தன்பால் உறவின் கனவே என்பது அவர் வாதங்களில் ஒன்று. மாளிகையில் பெரிய சாடிகளில் பூக்கள் இருந்ததைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை! அமெரிக்க ஆட்சிமன்றத்தின் மேலவைத் துணைக்குழு விசாரணை நடத்தியது. அஞ்சிய பதிப்பாளர்கள் அவ்வாண்டே தமக்குத்தாமே ஒரு விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டனர். 'பாலியல் பிறழ்வு' என்று அவர்கள் கருதியதன் சாயல்கூடக் கதையில் விழலாகாது என்பது அதில் ஒரு விதி. 1956இல் பேட்வுமன் என்றொரு பெண் பாத்திரம் பேட்மேன் கதைக்குள் நுழைந்தாள். அந்தப் பழியைத் துடைக்கவே அவள் கொண்டுவரப்பட்டாள் என்பது பலர் கருத்து. அரைநூற்றாண்டு கழித்து 2006இல் அதே பேட்வுமனைப் பெண்ணைக் காதலிக்கும் பெண்ணாகப் புதிதாய்ப் படைத்தார்கள். காலம் செய்யும் குறும்பு என்பது இதுதான் போலும்.

வெர்தாமின் ஆய்வைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அறிவியல் மாணவர் யாவரும் அறியத்தக்கது. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் அவருடைய குறிப்பேடுகள் ஆய்வாளர் பார்வைக்குத் திறக்கப்பட்டன. கேரல் டில்லி என்னும் பேராசிரியை அவற்றைப் புரட்டிப் பார்த்து, சிறுவர்கள் சொன்னவற்றை வெர்தாம் பல இடங்களில் மாற்றியும் கூட்டியும் குறைத்தும் நூலில் பயன்படுத்தியிருக்கிறார் என்று 2012இல் காட்டினார். ஆய்வகத்தில் அளவீட்டை 'சரிசெய்து' எழுதும் நம்மில் சிலர் இதைக் கவனிக்கலாம்.

பல்லாண்டுக் காலம் அச்சில் தன்பாலீர்ப்பு உடையவனுக்கு இரண்டு இடங்களே பெரும்பாலும் கிடைத்தன. ஒன்று, ஓரத்தில் நின்று பிறர் சிரிக்க உதவும் கோமாளி. மற்றொன்று, அழுது ஒழியும் பரிதாபப் பாத்திரம். அமெரிக்கப் பதின்வயது நாவல்களில் இப்பொருளைத் தொட்ட முதல் நூலாக ஜான் டொனோவன் 1969இல் எழுதிய நாவலைச் சொல்வர். அதில் இரு சிறுவரிடையே அன்பு மலர்கிறது. உடனே கதாநாயகனின் செல்ல நாய் காரில் அடிபட்டு இறக்கிறது. தான் செய்ததற்குத் தண்டனையோ இது என்று அவன் மருகுகிறான். ஆசிரியர் கருணையோடுதான் எழுதினார். ஆனாலும் நாய் இறந்தது இறந்ததுதான்.

மார்வெல் நிறுவனத்தின் நார்த்ஸ்டார் என்னும் வீரன் தான் இன்னான் என்று வாய்திறந்து சொன்னது 1992இல். அவன் படைக்கப்பட்டதோ 1979இல். 2007இல் பெர்ரி மூர் என்பவர் 'ஹீரோ' என்றொரு நாவல் எழுதினார். அதன் தலைவன் தாம் கிரீடுக்கு இரண்டு மறைபொருள்கள். தனக்கு அரிய ஆற்றல் உண்டு என்பது ஒன்று. தான் ஆணை விரும்புபவன் என்பது மற்றொன்று. இரண்டையும் தந்தையிடம் சொல்ல முடியாமல் அவன் படும் பாடே கதை. நல்ல நூல்தான் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்னும் படிக்கவில்லை. ஆனால் அந்த இரட்டைச் சுமையை எண்ணும்போதே மூச்சு முட்டுகிறது.

முகமூடி வீரர் கதைகளின் உயிர்நாடியே மறைத்து வாழ்தல் அன்றோ? என் தந்தையார் ஐந்தாம் வகுப்போடு நின்று சுமை தூக்கப் போனவர். ஆயினும் தமிழைத் தடங்கலின்றி வாசிப்பார். எப்படி என்று கேட்டால், "இரும்புக்கை மாயாவிதான் வாத்தியார்" என்பார். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த முதல் கதை அது. அதன் பழைய இதழ்கள் பின்னாளில் முடிதிருத்தும் கடைகளில் கிடந்து பல கைகள் மாறின. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் தெரியும். எவ்வளவு மறைந்தாலும் அந்தக் கை காட்டிக்கொடுத்துவிடும் என்று அப்பா சொல்லும்போது இன்றும் அவர் கண்கள் விரியும்.

குளூன் செய்திருக்கும் மாற்றம் இந்த மறைத்தலில்தான் இருக்கிறது. நிக் ஆணை விரும்புபவன் என்பது வீட்டிற்கும் தெரியும், பள்ளிக்கும் தெரியும். அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. அவன் தோழியர் கிப்பியும் ஜாஸும் தமக்குள் காதலர்கள். அதுவும் ஊரறிந்தது. தந்தை ஆரன் மகனின் காதல் பற்றி எவ்விதக் கூச்சமுமின்றிப் பேசி அவனை நாணத்தால் நெளிய வைக்கிறார். அப்பா பேச்சை நிறுத்தினால் போதும் என்று கெஞ்சும் மகன்களை நாம் அறிவோம். ஆனால் இத்தகைய கதைகளில் அப்பா பேசவே மறுப்பதுதான் வழக்கம். ஆக, இந்நூலில் காதல் மறைபொருள் அன்று. மறைபொருள் சேத்தின் நெருப்பு. நண்பனிடம் உண்மையைச் சொல்ல முடியாமல் நாக்குழறுவது, பாதி சொல்லி நிறுத்துவது, சொன்னால் இந்த நட்பே போய்விடுமோ என்று அஞ்சுவது: முன்னைய நாவல்களில் தன்பாலீர்ப்பு உடைய சிறுவர்கள் பட்ட துன்பம் யாவும் இங்கே தீயை ஏவும் ஆற்றலின்மேல் ஏற்றப்பட்டுவிட்டன. காதலின் தோளிலிருந்து சுமை இறங்கியதும் அது என்ன செய்கிறது? பதினாறு வயதில் எல்லாக் காதலும் செய்வதைத்தான் செய்கிறது. உளறுகிறது, தடுக்கி விழுகிறது, மோசமான கதை எழுதுகிறது.

நிக்கைப் பார்த்து நாம் நூல் முழுதும் சிரிக்கிறோம். அவன் ஆணைக் காதலிக்கிறான் என்பதற்காக ஓரிடத்தில்கூடச் சிரிப்பு வருவதில்லை. அவன் பதினாறு வயதினன் என்பதற்காகவும், அவன் பேதைமைக்காகவும், பிடித்ததை விடாத மடத்திற்காகவுமே சிரிக்கிறோம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் எங்களோடு ஒரு பையன் படித்தான். நடக்கும்போது அவன் கைகளை வீசும் விதம் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு நடிகையின் பெயரை அவனுக்குச் சூட்டினோம். சூட்டியவன் நானல்லன், ஆனால் சிரித்தவர்களில் நானும் ஒருவன். சில நாட்களுக்குப்பின் அவன் கைகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டே நடக்கத் தொடங்கினான். அதற்கும் சிரித்தோம். பத்தாம் வகுப்புக்குப் பின் அவன் படிக்க வரவில்லை. அவன் தன்பாலீர்ப்பு உடையவனா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. சிரிப்பதற்கு எங்களுக்கு அது தெரிய வேண்டியிருக்கவும் இல்லை. அப்பா மாயாவியின் கையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இப்போது அவன் நினைவுதான் வருகிறது. அது எள்ளல். நான்கு நிலைக்களன்களில் அதை முதலில் வைத்த தொல்காப்பியருக்கு மனிதரைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கிறது.

நூலில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். நகைச்சுவை சில இடங்களில் நீள்கிறது. நிக் தன் காதலிலேயே மூழ்கிக் கிடப்பதால் சேத்தின் மனத்தை நூறு பக்கம் கவனிக்காமலே இருக்கிறான். எனக்கு அவனை உலுக்கவேண்டும் போலிருந்தது. இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மனைவியை இழந்த துயரில் ஆரன் ஒரு சாட்சியை அடித்து, அதனால் பதவி இறக்கப்பட்டவர். முதல் நூல் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு, நல்ல அப்பாவின் அன்பிலும் வேடிக்கைப் பேச்சிலும் நம்மை மறக்கச் செய்கிறது. 2020 மே 25ஆம் நாள் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்னும் கறுப்பினத்தவர் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டார். நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த வேளையில், இரண்டு மாதம் முடிவதற்குள் இந்நூல் கடைக்கு வந்தது. காவலரின் கைநீட்டலைச் சிரிப்பில் கரைப்பது சரியா என்று வாசகர்கள் கேட்டனர். ஆசிரியர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. இரண்டாம் பகுதியான 'ஃபிளாஷ் ஃபயர்' 2021இல் வந்தபோது, அந்த அடியை மீண்டும் எடுத்துப் பேசி, ஆரனைப் பதில் சொல்ல வைத்தார். கறுப்பினப் பெண்ணான கிப்பியின் குடும்பத்தார் முன்னிலையில் அந்தப் பேச்சு எளிதாக முடிவதில்லை. நல்ல சிரிப்பிலும் ஒளித்துவைக்க இடம் உண்டு என்பதை இந்நூலிலேயே கண்டேன்.

சென்ற மாதம் விடுதியில் மின்சாரம் நின்ற ஓர் இரவில், நேட் பெலன் கதையை என் அறைத் தோழனுக்குத் தமிழில் சொன்னேன். அவன் வேதியியல் மாணவன், கதை படிக்கும் வழக்கம் இல்லாதவன். ஷேடோ ஸ்டார் ஆண், நிக்கும் ஆண் என்று சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தான். மேலே சொல் என்றான். பெயரில் இரண்டெழுத்து மாற்றிய இடம் வந்ததும் கட்டிலைத் தட்டிச் சிரித்தான்.

"எதற்கடா சிரிக்கிறாய்?" என்று கேட்டேன். உண்மையாகவே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"நானும் பிளஸ் டூவில் ஒரு கவிதை எழுதினேன்டா. அவள் பெயரில் ஓரெழுத்தை மாற்றிவிட்டு, யாருக்கும் தெரியாது என்று நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டினேன்" என்றான்.

மறுநாள் மாலை, சேத் என்ன ஆனான் என்று அவனாகவே கேட்டான். இரண்டாம் பகுதியைப் பாதிவரை சொல்லியிருக்கிறேன். 2022இல் வந்த மூன்றாம் பகுதி 'ஹீட் வேவ்' இன்னும் எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை.